இரும்பும் இங்கிதமும்

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்பது நம் பாட்டிமார் கண்ட வைத்தியம். கொழுத்தவர் வரிசையில் இடம்பெற்றுவிட்ட நாம் கொள்ளுப்பிட்டிக்குப் போகத் தொடங்கியதை அறிந்த நண்பர் ஒருவர், இப்பழமொழியைச் சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். ஊரின் பெயரில் உள்ள மற்றச் சொல்லை அவருக்கு எடுத்துரைத்தோம். சிங்களத்தில் ‘பிட்டிய’ என்றால் திடல். விளையாட்டுத் திடலை அவர்கள் ‘கிரீடா பிட்டிய’ என்றே வழங்குவர். தேகப்பயிற்சியை நாடிச் செல்லும் ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயருடைய இடம் கொழும்பில் வேறு உண்டா என்று கேட்டோம். நண்பர் விடவில்லை. “பெயர் பொருந்தும், நீர் பொருந்துவீரா?” என்றார்.

நாம் வெள்ளவத்தையில் வசிப்பவர்கள். காலி வீதியில் பஸ்வண்டி ஏறினால் கொள்ளுப்பிட்டி அதிக தூரமன்று. ஆயினும் புகைவண்டியில் செல்வதிலேயே நமக்கு விருப்பம் அதிகம். இடையில் பம்பலப்பிட்டி ஒன்றே நிலையம். மாலை வேளையில் கோட்டையிலிருந்து தெற்கே வரும் வண்டிகளில், அலுவலகங்களினின்றும் வீடு திரும்புவோர் வாயிற்படிகளிலும் தொங்கிக்கொண்டு வருவர். எதிர்த்திசையில் வடக்கே செல்லும் நமக்கோ யன்னலோர ஆசனமே கிடைத்துவிடும். இடப்பக்கத்தில் கடல். கருங்கற்களின்மீது அலை மோதித் தெறிக்கும் திவலை சில நாட்களில் முகத்திலும் வந்து படும். சூரியன் கடலில் இறங்கும் அந்த அரைமணி நேரத்தில் எவ்வளவு களைத்தவர் முகத்திலும் ஒரு பொன்னிறம் ஏறுவதை இந்த வண்டியிற்போல வேறெங்கும் நாம் கண்டதில்லை. பயணம் சில நிமிடங்களில் முடிந்துவிடுவது ஒன்றே இதிலுள்ள குறை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் நம் வைத்தியர். இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். வைத்தியர் பேசினாற் பயமில்லை, பேசாதிருந்தாற்றான் பயம் என்பது நாற்பதைக் கடந்தவர்கள் அறிந்ததே. “நடவுங்கள், பளுவும் தூக்குங்கள்” என்று ஈற்றில் அவர் கூறியதே பெரிய ஆறுதலாயிற்று.

நடப்பதற்குக் கொள்ளுப்பிட்டியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அதன் வடக்கே காலிமுகத்திடல் விரிந்து கிடக்கிறது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் நிறைவு செய்த கடலோர நடைபாதை அது. அதன் நினைவாக அங்கே ஒரு கல்லும் நாட்டப்பட்டது. நடைபாதை தொடங்கிய ஆண்டையும் முடிந்த ஆண்டையும் சொல்லிவிட்டு அக்கல் மௌனமாகிவிடவில்லை. கொழும்பு மாதர்களினதும் சிறுவர்களினதும் நலங்கருதி இதைத் தமக்குப்பின் வருவோர் பேண வேண்டும் என்று வார்ட் கேட்டுக்கொள்வதாகவும் அது கூறுகிறது. ஆள வந்தவர்கள் பலர் தத்தம் பெயரையும் பெருமையையும் கல்லிற் பொறித்துச் சென்றனர். அடுத்து வருபவனிடம் ஒரு வேண்டுகோளைப் பொறித்தவர் அதிகமில்லை. ஒருகாலத்தில் வெள்ளையர் குதிரைப் பந்தயமும் கொல்ப் ஆட்டமும் நடத்திய அத்திடலில், இன்று காலையில் ஓடுவோரும் மாலையில் பட்டம் விடுவோரும் இறால் வடை விற்போரும் நிறைந்திருக்கின்றனர். பணங்கட்டிப் பயிற்சி பெற இயலாதவருக்கு அதுவே தேகப்பயிற்சிக்கூடம். நாமும் முதல் இரண்டு மாதம் அங்கேதான் நடந்தோம். பின்னர் மழை வந்தது. வடை வாசனையும் நம் உறுதியைக் குலைத்தது. ஆகவே கூரையுள்ள இடத்தைத் தேட நேர்ந்தது.

அது காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. கீழே கைத்தொலைபேசி திருத்தும் கடை, நடுவே கணக்காய்வாளர் அலுவலகம், மேலே ஜிம். தேகப்பயிற்சிக்கூடம் என்று நாம் எழுதினாலும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருமித்துச் சொல்லும் பெயர் ஜிம் என்பதே. படியேறி வாயிலை அடைந்ததும் முதலிற் காண்பது சப்பாத்துத் தட்டு. வெளியே அணிந்து வந்த சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே அணிவதற்கென்று கொண்டுவந்ததை மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்தது சுவரில் ஓர் அறிவித்தல். துவாய் கொண்டுவருக, உபயோகித்த ஆசனத்தைத் துடைக்க, எடுத்த பளுவை எடுத்த இடத்தில் வைக்க, பொறியின்மீது அமர்ந்து தொலைபேசி பார்க்கற்க என்ற பொருளில் நாலைந்து வரிகள். நாட்டின் இரு மொழியிலும் இல்லாமல் ஆங்கிலத்திலேயே அது எழுதப்பட்டிருந்தமையால், அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் நாமே என்ற கர்வம் வேறு நமக்கு உண்டாயிற்று. கர்வத்தின் பலனைப் பின்னாற் சொல்லுவோம்.

அங்கே பயிற்றுநராக நின்றவர் நம் பழைய மாணவர். வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்து யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர். அவரை “முதுகை நிமிர்த்தி இரு” என்று நாம் பல முறை கண்டித்ததுண்டு. இப்பொழுது அவர் நம் முதுகின்மீது இரண்டு விரலை வைத்து, “முதுகை நிமிர்த்துங்கோ சேர்” என்றார். காலம் எவ்வளவு நியாயமாகக் கணக்குத் தீர்க்கிறது!

கால்மிதியில் சப்பாத்தை மாற்றும்போதெல்லாம் நமக்குக் கேரளத்தில் முன்னொருகாற் கண்ட களரி நினைவுக்கு வரும். களரியென்பது நிலமட்டத்துக்குக் கீழே தோண்டப்பட்ட கூடம். மரபுப்படி 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்டது. கிழக்கு வாயிலால் வலக்காலை முன்வைத்து இறங்குவர். இறங்கியதும் தரையைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வர். தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறைக்கு வணக்கம் செலுத்தி, குருவின் பாதத்தையும் தொட்ட பின்னரே கைகால் அசைப்பர். ஆயுதத்தை வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் வணக்கம் உண்டு. அங்கே பத்து வயதுப் பையன் ஒருவன் தன்னைவிட நீளமான கம்பை இரு கையாலும் ஏந்திச் சுவரோரத்தில் சாத்தி, அது சரியாக நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். அவன் ஆடிய ஆட்டம் நமக்கு மறந்துவிட்டது. திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை மறக்கவில்லை.

வட இந்திய மல்லர்களின் அகாடாவிலும் ஒழுங்கு இவ்வாறே. தமிழில் நாம் கோதா என்று சொல்லும் அந்த மண் களத்தில் எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்துவர். மற்போர் தொடங்குமுன் மல்லர்கள் தாமே மண்ணைக் கொத்திப் புரட்டிச் சமன் செய்வர். கூலிக்கு ஆள் வைப்பதில்லை. எவ்வளவு பெரிய பயில்வானும் மண்வெட்டி பிடிக்க வேண்டும். அம்மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இடுவதும் வழக்கம். நம் பழந்தமிழரும் மற்போரை விரும்பியவர்களே. ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருது வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றிற் பாடியிருக்கின்றார். ஆனால் வென்றவர் யாரென்று சொல்லும் புலவர்கள், மறுநாட் காலையில் அக்களத்து மண்ணைக் கொத்திச் சமன் செய்தவர் யாரென்று சொல்வதில்லை.

கோதாவின் மண் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். கொள்ளுப்பிட்டி ஜிம்மின் வாங்கிலே போர்த்திய றெக்சின் உறிஞ்சாது. கடற்கரைக் கொழும்பின் புழுக்கத்தைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! ஒருவர் எழுந்து சென்ற வாங்கில் அவருடைய முதுகின் உருவம் அப்படியே ஈரத்தில் வரையப்பட்டிருக்கும். அதில் அடுத்தவர் முதுகை வைத்தாக வேண்டும். படர்தாமரை முதலான தோல் நோய்கள் இவ்வழியாற் பரவும் என்பது வைத்தியர்கள் அறிந்த செய்தி. எனவே கையில் ஒரு துவாய். பக்கத்தில் மருந்துநீர்க் குப்பி. 2020இல் கொரோனாத் தொற்றுக் காலத்தின் பின்னர் இக்குப்பியின் மதிப்பு உயர்ந்துவிட்டது என்று நம் மாணவர் கூறினார். அதற்குமுன் துடைக்கச் சொன்னால் முகஞ் சுளித்தவர்கள், பின்னர் சொல்லாமலே துடைத்தனராம். வியர்வையைத் துடைப்பதற்கும் ஒரு பெருந்தொற்று வேண்டியிருந்தது.

உரையாடல் இங்கே மிகச் சுருக்கம். ஒரு பொறியிலே ஒருவர் இருக்கையில் மற்றவர் வந்து நின்று, “இன்னும் எத்தனை செற்?” என்று கேட்பார். “ரெண்டு” என்று விடை வரும். சில வேளைகளில், “வாங்கோ, மாறி மாறிச் செய்வம்” என்று அழைப்பும் வரும். முன்பின் அறியாத இருவர், ஒருவர் இளைப்பாறும் வேளையில் மற்றவர் பளுவைத் தூக்கி, பத்து நிமிடம் ஒரு பொறியைப் பங்கிட்டுக்கொள்வர். பெயரும் கேட்பதில்லை, ஊரும் கேட்பதில்லை. கொழும்பிலே பெயரும் ஊரும் கேட்டாற் சில ஆண்டுகளில் எவ்வளவு அச்சம் இருந்தது என்பதை அறிந்த நம் தலைமுறைக்கு, கேளாமலே பளுவைப் பங்கிடும் இக்காட்சி சாதாரணமானதன்று.

அழைப்புச் சொற்களும் சுவையானவை. முஸ்லிம் அன்பர்கள் ‘நானா’ என்றும், யாழ்ப்பாணத்தார் ‘அண்ணை’ என்றும் அழைப்பர். சிங்கள இளைஞன் ஒருவன் முதல்நாள் நம்மை நோக்கி ‘அய்யே’ என்று கூப்பிட்டான். ஆசிரியத் தொழிலின் பெருமை நம் முகத்திலேயே எழுதியிருக்கிறது போலும், ‘ஐயா’ என்று எவ்வளவு மரியாதையாக அழைக்கிறான் என்று மகிழ்ந்தோம். அவன் மொழியில் அது தமையனைக் குறிக்குஞ் சொல் என்பது சற்றுப் பிந்தி நினைவுக்கு வந்தது. மகிழ்ச்சி குறையவில்லை, கூடிற்று. ஆனால் மறுவாரமே பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் ‘அங்கிள்’ என்று அழைத்துக் கணக்கைச் சரி செய்துவிட்டான்.

ஓசையைப்பற்றி ஒரு சொல். பளுவைத் தூக்கும்போது உறுமுவதும், இறக்கும்போது தரை அதிரப் போடுவதும் இக்காலத்து இளைஞர்களின் கெட்ட பழக்கம் என்று நாம் எண்ணியிருந்தோம். அப்படியன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய ஞானி செனெக்கா, பொதுக் குளிப்பகம் ஒன்றின் மேலே குடியிருந்த காலத்தில் எழுதிய கடிதத்தில் இதைப்பற்றியே முறையிடுகின்றார். கீழே ஈயக் குண்டுகளை வீசிப் பயிற்சி செய்வோர் முக்குவதும் மூச்சுவிடுவதும் தம் காதைத் துளைப்பதாக அவர் எழுதினார். அவர்கள் மெய்யாகவே வருந்துகிறார்களோ, வருந்துவதாகப் பாவனை செய்கிறார்களோ என்ற ஐயத்தையும் சேர்த்துக்கொண்டார். நடுவே உள்ள கணக்காய்வாளர் அலுவலகத்தாரும் இவ்வையத்தை அடிக்கடி படியேறி வந்து தெரிவிப்பதுண்டு.

நாம் செய்த தவறுகள் இரண்டு. சிறியதை முதலிற் சொல்லுவோம். சேர்ந்த மூன்றாம் வாரம், பளுத்தண்டைத் தோளில் ஏந்திக் குந்தி எழும் ஓர் இளைஞனைக் கண்டோம். அவன் பாதங்கள் அகன்றிருந்தமை நாம் வாசித்த புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. இருபது ஆண்டு கரும்பலகையின் முன்னின்றவனுக்கு வாய் சும்மா இருக்குமா? அருகே சென்று விளக்கினோம். அவன் தண்டை இறக்கி வைத்து, முழுவதையும் செவிமடுத்து, “நன்றி சேர்” என்று கூறி, முன்போலவே தொடர்ந்தான். அவன் பளுத்தூக்கற் போட்டிகளிற் பரிசு பெற்றவன் என்று நம் மாணவர் பின்னர் மெல்லச் சொன்னார். கேளாதார்க்கு உபதேசம் செய்வது எங்கும் இங்கிதமன்று. தலைக்குமேல் இரும்பு நிற்கையில் அது ஆபத்தும்கூட. அதன்பின் நாம் வாயைத் திறந்தது எண்ணுவதற்கு மட்டுமே.

கண்ணுக்கும் இவ்விதம் ஒரு கட்டுப்பாடு உண்டு. சுவர் முழுதும் நிலைக்கண்ணாடி. அவரவர் உடல் நேராக நிற்கிறதா என்று அவரவர் பார்ப்பதற்காக அது வைக்கப்பட்டது. ஆனால் கண்ணாடியில் தன்னைப் பார்ப்பவன் பிறரையும் பார்க்கலாம். பார்ப்பது தெரியாதென்று நினைத்துக்கொண்டும் பார்க்கலாம். பார்க்கப்படுபவருக்கு அது எப்போதும் தெரியும். பெண்கள் ஏன் அதிகாலையிலும் நடுப்பகலிலும் வருகின்றனர், மாலையில் ஏன் வருவதில்லை என்று நாம் கேட்டபோது, நம் மாணவர் கண்ணாடியைச் சுட்டிக்காட்டினார். கைத்தொலைபேசியில் தம் புயத்தைப் படம் எடுப்போரும் பலர். அவர் புயத்துக்குப் பின்னால் யாருடைய உருவம் அகப்படுகிறது என்பது அவருக்குக் கவலையில்லை. மாதர் நலங்கருதி நடைபாதை அமைத்த வார்ட்டின் கல்லுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இது நடக்கிறது.

இவ்விடத்தில் 2022ஆம் ஆண்டைச் சொல்லாமல் கொள்ளுப்பிட்டியைப்பற்றி எழுத முடியாது. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. ஓடுபொறிகள் அசையா. காற்றாடி சுழலாது. அந்நாட்களில் பளுத்தட்டுகளை மாத்திரம் நம்பி, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் பயிற்சி நடந்ததாம். தூக்கியதை எங்கேனும் போட்டுவிட்டால் இருட்டில் அடுத்தவர் கால் இடறும். ஆகவே அப்பொழுதுதான் எல்லாத் தட்டுகளும் தத்தம் இடத்தில் இருந்தன என்று நம் மாணவர் சிரித்துக்கொண்டு கூறினார்.

அடுத்து வந்தது யூலை 9ஆம் திகதி. காலிமுகத்திடலில் மூன்று மாதமாகக் கூடாரமிட்டிருந்தவர்களோடு நாடெங்குமிருந்து வந்த மக்கள் திரண்டு, கோட்டையிலுள்ள ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர். கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோரத்தில் உள்ள பிரதமரின் வாசஸ்தலமாகிய அலரி மாளிகையும் அவர்கள் வசமாயிற்று. மாளிகையின் நீச்சற் குளத்தில் மக்கள் குளித்த படங்களை உலகமெங்கும் கண்டனர். தேகப்பயிற்சி அறையின் படங்களையும் கண்டனர். செருப்பணிந்த கால்களோடு ஓடுபொறியில் ஓடியவர்களும், சட்டையோடு பளுத் தூக்கியவர்களும் அப்படங்களில் உள்ளனர். எரிபொருளுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்ற மக்கள், ஓடியும் ஓரடிகூட நகராத பொறியின்மீது சிரித்துக்கொண்டு ஓடினர்.

அரசியல் நியாயத்தை நாம் இங்கே ஆராய வரவில்லை. நம் எண்ணம் வேறு. பூட்டியிருந்த தேகப்பயிற்சி அறையொன்று திடீரென்று எல்லார்க்கும் திறந்தால், அங்கே இங்கிதம் என்னவாகும்? இரண்டுமே நடந்தன. கண்டெடுத்த 1 கோடியே 78 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயைப் போராட்டக்காரர்கள் எண்ணிப் பொலிசாரிடம் ஒப்படைத்தனர். அடுத்த நாட்களில் குழந்தை குட்டிகளோடு வந்தவர்கள் வரிசையில் நின்று மாளிகையைச் சுற்றிப் பார்த்தனர். குப்பையைப் பொறுக்கிக் கூட்டியவர்களும் இருந்தனர். அரும்பொருள்கள் உட்பட ஆயிரம்வரையான பொருள்கள் இரு மாளிகைகளிலுமிருந்து காணாமற்போயின என்று பொலிசார் பின்னர் கூறியதும் உண்டு. ஒரே கூட்டம்; ஒரே வாயில். துடைப்பத்தை எடுத்தவரும் புகுந்தனர், பொருளை எடுத்தவரும் புகுந்தனர். யூலை 14ஆம் திகதி கட்டடங்கள் திருப்பி ஒப்படைக்கப்பட்டன. அந்தப் பளுத்தட்டுகளை அவற்றின் இடத்தில் மீண்டும் அடுக்கியவர் யாரோ! அவரைக் காண முடிந்தால் ஒரு தேநீர் வாங்கிக் கொடுப்போம்.

பெரிய மாளிகையைக் குறைசொல்லும் யோக்கியதை நமக்குண்டா என்பதற்கு இனி நமது இரண்டாந் தவறு. ஓராண்டு நெருங்கும் வேளை. உடல் சற்று இறுகியிருந்தது. இரத்தப் பரிசோதனைத் தாளும் முன்போற் பயமுறுத்தவில்லை. சாய்ந்திருந்து கால்களால் தட்டை மேலே உந்தும் பொறி ஒன்று அங்கே உண்டு. அதன் இருபுறமும் இருபது கிலோத் தட்டுகள் இவ்விரண்டாக, மொத்தம் எண்பது கிலோ ஏற்றி, பன்னிரண்டு முறை உந்தினோம். அந்த வெற்றியில் மனம் மிதந்தது. ஏழு மணி வண்டியைப் பிடிக்க வேண்டிய அவசரமும் சேர்ந்தது. ஆசனத்தைத் துடைத்தோம் என்பது உண்மை. தட்டுகளை இறக்கவில்லை. அடுத்து வருபவனுக்கும் எண்பது வேண்டியிருக்கலாமே என்று மனம் ஒரு நியாயமும் சொல்லிற்று. சோம்பல் தனக்கென்று எப்போதும் ஒரு நியாயவாதியை வைத்திருக்கும்.

மறுநாள் நாம் போனதும் நம் மாணவர் அருகில் வந்தார். ஏதோ சொல்ல வருவதும் தயங்குவதுமாக நின்றார். வகுப்பில் விடை தெரியாத நாட்களில் அவர் நின்ற நிலை அது. விடை தெரிந்தும் அப்படி நின்றது இன்றுதான்.

“சேர், குறை நினைக்கக்கூடாது. நேற்று நீங்கள் போனாப்பிறகு அந்த அம்மா வந்தவ. அந்த மெசினிலைதான் அவவுக்கு வேலை. தட்டு ஏறிக் கிடந்ததைப் பார்த்திட்டு, கதிரையிலை கொஞ்ச நேரம் இருந்தவ. பிறகு போட்டா. நான் மற்றப் பக்கம் நின்றனான், கவனிக்கேல்லை.”

அந்த அம்மையாரை நமக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். எழுபதை நெருங்கியவர். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். வெறும் பொறியை, ஒரு தட்டும் ஏற்றாமல், வைத்தியர் சொன்னபடி பத்து முறை உந்தவேண்டும். அதற்காகவே வாரம் மூன்று நாள் அவ்வளவு தூரம் வருகிறார். மூன்று மாடிப் படியையும் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொன்றாக ஏறி வந்து, நம் எண்பது கிலோவைக் கண்டு, கால் மணி நேரம் கதிரையிலிருந்து, மறுபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போயிருக்கிறார்.

அன்று நமக்குப் பயிற்சி ஓடவில்லை. அவருடைய நாள் வெள்ளிக்கிழமை என்று அறிந்து, வெள்ளிக்கிழமை சற்று முந்தியே சென்று காத்திருந்தோம். அவர் படியேறி வந்து மூச்சு வாங்கிய பின்னர் அருகிற் சென்று, தட்டுகளை விட்டுச் சென்றவர் நாமே என்று தெரிவித்து மன்னிப்புக் கேட்டோம். மேடையிற் பல முறை பேசிய நாவுக்கு அந்த இரண்டு வாக்கியமும் வருவது கடினமாக இருந்தது.

“அதுக்கென்ன தம்பி,” என்றார். “கேட்டிருந்தால் ஆரும் இறக்கித் தந்திருப்பினம். நல்ல பெடியள்தான். ஆனால் எல்லாரும் பெரிய பெரிய பாரம் தூக்கிக்கொண்டு நிக்கேக்கை, எனக்கு ஒண்டும் இல்லாமல் வெறுமையாக்கித் தாங்கோ எண்டு கேட்க வெக்கமாக் கிடந்தது.”

நாம் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. பொறி வெறுமையாகவே இருந்தது. ஆசனத்தைத் துடைத்துக் கொடுத்தோம். அவர் மெல்ல அமர்ந்து, சேலையை ஒதுக்கி, இரு பாதங்களையும் தட்டில் வைத்தார்.

“ஒரு உதவி செய்வீங்களே? பத்து மட்டும் எண்ணுங்கோ. எனக்கு நடுவிலை விட்டுப்போகும்.”

எண்ணினோம். முதல் மூன்றும் விரைவாக வந்தன. ஐந்தில் முகம் சுருங்கிற்று. பக்கத்தில் பளுத்தண்டோடு நின்ற இளைஞன் தன் பளுவைத் தரையில் மெல்ல வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டில் அவர் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினார். நாம் ஒன்பதைச் சொல்லாமற் காத்து நின்றோம்.